படகுக் கத்திகள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் சாங்கிக் கடலோரத்தில் கட்டியிருக்கும் 28 அடிப் பாய்மரப் படகு ஒன்றில் நானும் இரண்டு நண்பர்களும் பங்குதாரர்கள். வார இறுதிகளில் ஜொகூர் நீரிணையில் சுற்றுவதும், நீண்ட விடுமுறை கிடைத்தால் தியோமான் தீவுக்கோ மலாக்கா நீரிணை வழியாக வடக்கேயோ செல்வதும் எங்கள் வழக்கம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எங்களில் ஒருவர் "இந்தக் கத்தி சரியில்லை, வேறு வாங்க வேண்டும்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நின்று விசாரித்ததில், கத்தியை உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தது மிகச் சில தடவைதான். கத்தி இருந்த இடம், அதற்குக் கொடுத்த வேலை, கழுவாமல் விட்ட சோம்பல் ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் குற்றவாளியாக இருந்தது.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கத்தி கடைசியாக எதை வெட்டியது? வெட்டிய பின் எங்கே கிடந்தது? நல்ல தண்ணீர் கடைசியாக இதன்மேல் எப்போது பட்டது? விடை தெரியவில்லை என்றால், அதுவே பாதி விடை. கீழே உள்ள வரிசை எங்கள் படகில் அடிக்கடி வந்த அறிகுறிகளின் வரிசை.

அலகில் துரு தெரிகிறது

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை வீட்டுச் சமையலறையில் செல்லுபடியாகும், கடலில் செல்லாது. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருந்தால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அந்தப் படலம் தானே ஆறிக்கொள்ளும். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு அயனிகள் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கின்றன, ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளில் துளைத்த இடம் ஆறுவதும் இல்லை. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: கூர் நிற்பதற்காகக் கத்தி எஃகில் கரிமத்தைக் கூட்டுகிறார்கள், அந்தக் கரிமம் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. எவர்சில்வர் குடத்தில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் ஒன்றும் ஆகாதபோது, எவர்சில்வர் கத்தி ஒரே வாரத்தில் புள்ளி விடுவது இதனால்தான்.

துரு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். அலகு முழுவதும் தேநீர்க் கறை போல மெல்லிய பழுப்பு படிந்திருந்தால், அலைத் தெறிப்பு பட்டுக் காய்ந்திருக்கிறது என்று பொருள். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து நைலான் நார் கொண்டு தேய்த்தால் போய்விடும். இரும்பு நார் கொண்டு தேய்க்கலாகாது. அதிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் அலகில் பதிந்து, மறுநாள் அவையே துருப் புள்ளிகளாக முளைக்கும். ஊசி முனை அளவில் கருத்த குழிகள் தெரிந்தால் கத்தி ஈரத்தோடு நெடுநாள் கிடந்திருக்கிறது. குழியைத் தேய்த்து நீக்க முடியாது, பரவாமல் தடுக்க மட்டுமே முடியும். குழி வெட்டும் வாயிலேயே விழுந்திருந்தால், குழி மறையும்வரை சாணைக்கல்லில் இழைக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் அந்தக் கத்தியைப் பெயிண்ட் சுரண்டும் வேலைக்கு மாற்றிவிடலாம்.

துரு உறை தொடும் இடத்தில் மட்டும் கோடாக இருந்தால் குற்றம் உறையுடையது. தோல் உறை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது உப்புநீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு அலகுக்குச் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே இருக்கும். அடியில் வடிகால் துளை உள்ள வார்ப்புப் பிளாஸ்டிக் உறையே படகுக்கு ஏற்றது. துளை இல்லாவிட்டால் நாமே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம். துரு பிடியும் அலகும் சேரும் இடுக்கிலிருந்து கசிந்தால், பிடிக்குள் நீர் புகுந்திருக்கிறது. ஆணி அடித்த மரப்பிடிகளில் இது வெளியில் தெரிவதற்குள் உள்ளே பாதி அரித்துப் போயிருக்கும். அத்தகைய கத்தியைக் கயிற்று வேலைக்கு நம்பக்கூடாது, அழுத்தும்போது பிடியோடு முறியும்.

துருவை நீக்க நம் வீட்டு அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும். நெல்லிக்காய் அளவு பழம்புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகப் பிசைந்து, துருவின்மேல் அப்பிப் பத்து நிமிடம் விட்டு, நைலான் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றிவிட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது நம் வழக்கம். என் நண்பர் கத்திக்கும் அதே கைப்பழக்கத்தில் உப்பைச் சேர்த்துவிட்டார். கடலிடமிருந்து காப்பாற்ற வந்த கத்திக்கு இன்னொரு பிடி கடலைக் கொடுத்ததுதான் மிச்சம்.

துடைத்த பின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்படச் சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுப்பும் ஏறும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது, உணவில் படும் கத்திக்கும் ஆகும். ஒரு சொட்டை விரலில் எடுத்து இருபுறமும் தடவினால் போதும்.

நல்ல தண்ணீர் படகில் அருமையான பொருள் என்பதால், கழுவுவதைத் தள்ளிப்போடும் மனம் வருவது இயல்பு. அதற்கு நாங்கள் கண்ட வழி, செடிக்குத் தெளிக்கும் சிறு புட்டி ஒன்றைக் காக்பிட்டில் (சுக்கான் பிடிப்பவர் அமரும் பள்ளத்தில்) மாட்டிவைத்தது. கால் டம்ளர் தண்ணீருக்குள் ஒரு கத்தியின் உப்பை முழுவதும் இறக்கிவிடலாம். பெருமழை பெய்தால் அந்தச் செலவும் இல்லை.

சாணை பிடித்து வைத்த கத்தி, பயன்படுத்தாமலே மழுங்கிவிட்டது

யாரோ எடுத்து வெட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகித்த காலம் உண்டு. வெட்டும் வாய் என்பது தலைமுடியைவிட மெல்லிய உலோக விளிம்பு. உப்பு ஈரம் முதலில் தின்பது அதைத்தான். அலகின் பக்கங்கள் பளபளவென்று இருக்க, வாய் மட்டும் நுண்ணிய அளவில் அரித்துப்போயிருக்கும். விளக்கொளியில் வாயை நேராகக் கண்ணை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், கூராக இருக்கும் இடம் ஒளியைத் திருப்பாது, மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக்கோடாக மின்னும்.

மறுபடி சாணை பிடிப்பது கடினமன்று. 1000 எண் சாணைக்கல்லை நனைத்து, அலகைப் பக்கத்துக்கு 20 பாகைச் சாய்வில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஆடும் படகில் பாகையைக் கண்ணால் அளக்க முடியாது. அலகின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும். ஒருபுறம் தேய்க்கத் தேய்க்க மறுபுறத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிறு எழும். அது வாயின் முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் மிக மெதுவாக மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு, உடனே எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் தடவாத புதுக்கூர், தேக்கா சந்தையில் பூ வாங்கி வெயிலில் வைத்தது போலத்தான்.

மடக்குக்கத்தி விரியவில்லை

அச்சில் உப்புப் படிகம் இறுகியிருக்கலாம், அல்லது மரப்பிடி ஊறிப் பருத்து அலகைக் கவ்வியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எளிது: வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் உப்பு கரைந்து கத்தி விரியும், மரம் காரணமென்றால் இன்னும் இறுகும். பிரான்சின் ஒப்பினெல் கத்திகளில் இந்த இரண்டாவது கோளாறு நன்கு அறியப்பட்டது. பிடி பீச் மரம், ஈரத்தில் ஊறிப் பருக்கும். நிழலில் ஓரிரு நாள் காயவைத்து, அலகு படியும் பள்ளத்தை உப்புத்தாளால் இம்மியளவு அகலப்படுத்தி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் அவசரத்துக்கு எடுக்கும் கத்தியாக மரப்பிடி மடக்குக்கத்தியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். அது பழம் நறுக்கும் கத்தியாகவே இருக்கட்டும்.

ஒரு கையால் விரிக்க முடியாத மடக்குக்கத்தியையும் கோளாறுள்ளதாகவே கருத வேண்டும். மற்றொரு கை கம்பியையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கத்தி தேவைப்படும். கை நனைந்திருக்கும்போது, கையுறை அணிந்தபடி, ஒரே கையால் விரித்தும் மடக்கியும் பார்த்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும். விரித்த அலகு பூட்டிக்கொள்ளாவிட்டால் கயிற்றின்மேல் அழுத்தும்போது விரல்மேல் மடங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

கயிற்றின்மேல் வழுக்குகிறது, அல்லது அறுக்காமல் பிய்க்கிறது

இந்தப் புகார்தான் அதிகம் வரும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. கத்தியைப் பார்க்குமுன் கயிற்றைப் பார்க்க வேண்டும். எந்த இழை என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: பாலியெஸ்டரும் நைலானும் மூழ்கும், பாலிபுரொப்பிலீன், பாலியெத்திலீன், டைனிமா (மிக வலுவான ஒருவகைச் செயற்கை இழை) ஆகியவை மிதக்கும். மிதப்பவற்றில் விலை மலிந்த, முரடான, நிறம் மங்கிய மீன்பிடிக் கயிறு முதலிரண்டில் ஒன்றாக இருக்கும். மெழுகு தடவியது போல வழவழப்பாக, கையில் எடையே தெரியாமல் இருந்தால் டைனிமா.

பாலியெஸ்டர், நைலான், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றைப் பல் வைத்த அலகு வேகமாக அறுக்கும். ஒவ்வொரு பல்லும் சில இழைகளைப் பிடித்து இழுத்துத் துண்டிக்கிறது. டைனிமாவில் பற்கள் இழையைப் பிடிக்க முடியாமல் வழுக்கும், பிடித்தால் உருவி வெளியே இழுத்துப் பிசிறாக்கிவிடும். அதற்குப் பல் இல்லாத, புதிதாகச் சாணை பிடித்த நேர்வாய்தான் ஏற்றது. கயிற்றை வெட்டும் இடத்தில் நாடாவால் இறுகச் சுற்றி, மரப்பலகையின்மேல் வைத்து, அலகைக் குறுக்கே நிறுத்தி முதுகில் மரச்சுத்தியால் ஒரே தட்டுத் தட்டினால் சீராக அறும். முன்னும் பின்னும் இழுத்து அறுக்க முயல்பவர்களுக்கு வியர்வைதான் மிஞ்சும்.

வெப்பக் கத்தியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். பாலியெஸ்டர் ஏறத்தாழ 255 டிகிரி செல்சியஸில் உருகி, முனையைத் தானே அடைத்துக்கொள்ளும். டைனிமா ஏறத்தாழ 145 டிகிரியிலேயே உருகுகிறது. ஆகையால் பாலியெஸ்டர் உறைக்குள் டைனிமா வைத்துப் பின்னிய கயிற்றை வெப்பக் கத்தியால் வெட்டினால், உறை உருகுமுன் உள்ளிருப்பது சுருங்கி ஒளிந்துகொள்ளும். கெவ்லார் போன்ற அராமிட் இழை உருகவே உருகாது, கருகும்.

கயிறும் சரி, கத்தியும் கூர், ஆனாலும் அறுக்கவில்லை என்றால் கயிறு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கயிற்றை எந்தக் கத்தியாலும் எளிதில் அறுக்க முடியாது. சுமை ஏறி முறுக்கேறிய கயிற்றை, கூரான அலகால் தொட்டாலே வெடித்து அறுந்துவிடும். தளர்ந்திருந்தால் ஒரு முனையைக் காலால் மிதித்தோ கட்டையில் கட்டியோ இறுக்கிக்கொண்டு அறுக்க வேண்டும். முறுக்கேறியதை அறுப்பதானால், அறுந்த முனை பாய்ந்து வரும் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. நங்கூரத்துக்குப் பயன்படும் நைலான் நன்றாக நீளும் தன்மையுடையது. நீண்ட அளவுக்கு ஆற்றலை உள்ளே சேர்த்து வைத்திருக்கும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும்போது உடனே கத்தியை எடுப்பவர்கள் உண்டு. இன்னொரு கயிற்றைக் கட்டிச் சுமையை மாற்றிவிட்டால் சிக்கு தானே அவிழும், நல்ல கயிறும் மிஞ்சும்.

பல் வைத்த அலகு மழுங்கிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. பற்கள் ஒருபுறம் மட்டுமே குடையப்பட்டிருக்கும். அந்தக் குடைவுக்குள் பொருந்தும் கூம்பு வடிவ வைரத்துகள் கோலால் ஒவ்வொரு குடைவையும் நாலைந்து முறை தேய்த்து, தட்டையான மறுபுறத்தைக் கல்லில் படுக்க வைத்து ஒருமுறை இழுத்துப் பிசிறை எடுத்தால் போதும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பற்களை ஒட்ட மழித்துக் கொடுத்துவிடுவார். எங்களுக்கு அப்படி ஒரு கத்தி மொட்டையாகத் திரும்பி வந்தது.

புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டது, கத்தி எட்டவில்லை

மலாக்கா நீரிணையில் கரையை ஒட்டிப் போகிறவர்களுக்கு இது எப்போதாவது நிகழ்ந்தே தீரும். எங்களுக்குப் போர்ட் டிக்சனுக்குத் தெற்கே ஒரு மாலையில் நிகழ்ந்தது. எஞ்சினின் ஓசை திடீரென்று கனத்து, முனகி, நின்றுவிட்டது; அமரத்துக்கு, அதாவது படகின் பின்பகுதிக்கு, அப்பால் எட்டிப் பார்த்தால், பச்சை நிறத்தில் பழைய வலைக்கயிறு இருபது அடி நீளத்துக்கு வால் போல மிதந்துகொண்டிருந்தது.

முதல் வேலை, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, நீரில் இறங்கப் போகிறவரின் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுவிடுவது. இரண்டாவது, மிதக்கும் முனையைக் கொக்கியால் பிடித்து இழுத்துக்கொண்டே, புரொப்பெல்லர் தண்டைக் கையால் எதிர்த்திசையில் திருப்பிப் பார்ப்பது. புதிதாகச் சுற்றிய கயிறாயின் பாதி வேளை அப்படியே கழன்று வந்துவிடும். எங்களுக்கு வரவில்லை. தண்டின் உராய்வுச் சூட்டில் பாலியெத்திலீன் உருகி, இறுகி, கயிறு என்ற அடையாளமே இல்லாமல் பச்சைக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. காக்பிட்டில் இருந்த 9 சென்டிமீட்டர் உறைக்கத்தி அந்தக் கட்டியில் இரண்டு நிமிடம் கூட ஈடுகொடுக்கவில்லை. மூச்சுக்கு மேலே வருவதற்குள் அறுத்தது அரை அங்குலம் இருக்குமா என்பதே ஐயம். கடைசியில் வேலையை முடித்தது சமையலறையில் இருந்த ரொட்டிக் கத்தி. 20 சென்டிமீட்டர் நீளமும் பெரிய பற்களும் உள்ள அந்தக் கத்தியை ரம்பம் போல நீளமாக இழுக்க முடிந்தது. சுற்றுகளைத் தொடர்ந்து போகாமல், தண்டின் நீளவாக்கில் சுற்றுகளுக்குக் குறுக்கே ஒரே கீறலாக அறுத்ததும், கட்டி இரண்டு தோடுகளாகப் பிளந்து வந்தது. அன்றிலிருந்து மலிவான ரொட்டிக் கத்தி ஒன்று, பிடியில் நீளக் கயிறு கட்டி, முனை மழுக்கி, அமரத்தின் பெட்டியில் அந்த ஒரே வேலைக்காகக் காத்திருக்கிறது.

நீரில் இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. அலை இருக்கும்போது அமரம் மேலெழுந்து தலைமேல் இறங்கும். தலையில் அடிபட்டவருக்குக் கத்தி எந்த உதவியும் செய்யாது. பாய் இருக்கும் படகு பாயில் போய் அமைதியான இடத்தில் நங்கூரமிட்ட பிறகு இறங்கலாம். இறங்குபவர் படகோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், கத்தி அவர் மணிக்கட்டில் அன்றிப் படகில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தேவைப்பட்டபோது கத்தி கைக்குக் கிடைக்கவில்லை

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இங்கே சுமத்ரா சூறைக்காற்று வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்; மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். உபின் தீவருகே நங்கூரமிட்டிருந்த ஓர் அதிகாலையில், பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகு கவிழ்ந்து, அதன் கயிறு சுக்கானில் சுற்றி இழுக்கத் தொடங்கியது. எங்களிடம் அப்போது நான்கு கத்திகள் இருந்தன. ஒன்று ஜிப் போட்ட பைக்குள், ஒன்று படுத்திருந்தவரின் கால்சட்டைக்குள், ஒன்று கருவிப்பெட்டியின் அடித்தட்டில். ஓடிப்போன நண்பர் கையில் அகப்பட்டது மீன் வெட்டும் கத்தி. கயிறு அறுந்தது, அவருடைய உள்ளங்கையும் கீறியது.

இந்தக் கோளாற்றுக்கு மருந்து இன்னொரு கத்தி அன்று, ஓர் இடம். சுக்கான் பிடிப்பவர் எழுந்திருக்காமல் கை நீட்டினால் எட்டும் இடத்தில், உறையோடு, படகின் சுவரில் திருகி மாட்டிய நிலையான அலகுக் கத்தி ஒன்று இருக்க வேண்டும். கடலோடிப் பாய்மரப் பந்தயங்களுக்கான உலகப் பாய்மரச் சம்மேளனத்தின் விதிகளும் இதையே கேட்கின்றன: வலுவான, கூரான, உறையிட்ட, கட்டிவைத்த கத்தி, மேல்தளத்திலிருந்தோ காக்பிட்டிலிருந்தோ உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். அந்தக் கத்தியால் மாம்பழம் நறுக்கக்கூடாது என்பது எங்கள் படகின் கூடுதல் விதி. நறுக்கியவர் அதைத் திரும்ப வைக்க மறப்பார் என்பது அனுபவம்.

கத்தி கடலில் விழுந்துபோவதும் இதன் மறுபக்கமே. கையை முழுதும் நீட்டும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு, மெல்லிய கயிற்றால் உறையோடோ படகோடோ கட்ட வேண்டும். உடலில் அணியும் கத்தியானால் உயிர்காப்பு அங்கியின் வாரில் கட்டலாம். பாதுகாப்பு வார் இறுகித் தொங்கும் நிலையிலும் கை எட்டும் பக்கத்தில் அது இருக்கிறதா என்று, கரையில் இருக்கும்போதே ஒருமுறை தொங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கி உப்பியபின் மார்பருகே இருக்கும் பல பொருள்கள் கைக்கு எட்டாமல் போய்விடும்.

திசைகாட்டி காரணமின்றி விலகுகிறது

கத்திக்குப் பயன்படும் எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தால் ஈர்க்கப்படும் வகை. திசைகாட்டிக்குப் பக்கத்துப் பையில் கத்தி கிடந்தால் முள் விலகும். திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே கத்தியை மெதுவாக அருகில் கொண்டுவந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு மீட்டர் தள்ளி மாட்டினால் தீர்ந்தது. சமையலறைச் சுவரில் கத்திகளை ஒட்டவைக்கும் காந்தப் பட்டையும் இதே குற்றத்தைச் செய்யும், சுவருக்கு மறுபக்கம் தானியங்கிச் சுக்கானின் உணரி இருக்கலாம். தவிரவும் படகு சாயும்போது அந்தப் பட்டையிலிருந்து கத்திகள் பறக்கும்.

சமையல் கத்தி கையை வெட்டுகிறது

இது கூர் மிகுந்ததால் அன்று, பெரும்பாலும் கூர் குறைந்ததால். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும் நேரத்தில் அலை ஒன்று தூக்கிப்போட்டால் கத்தி வழுக்கி விரலுக்குத் தாவும். கூரைச் சரிசெய்தபின் வெட்டுப்பலகையின் அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும். தொட்டிக்குள் சோப்பு நுரையின் அடியில் கத்தியை விட்டுவைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். வெட்டி முடித்த கணமே கத்தி அதன் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடம், பெட்டிக் கதவின் உட்புறத்தில் திருகிய, அலகு கீழ்நோக்கி நுழையும் பிளவுள்ள மரக்கட்டையாக இருந்தால் எந்தச் சாய்விலும் கத்தி நகராது. இழுப்பறையில்தான் வைக்க வேண்டுமென்றால், பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து அலகின் வாயில் மாட்டலாம், ஆனால் அதையும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைக்க வேண்டும்.

எலுமிச்சை நறுக்கியதும் கத்தி கறுக்கிறது, காயில் இரும்பு வாடை வருகிறது என்றால் அது கார்பன் எஃகு. வீட்டில் வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுப்பது போன்றதே இது. கூர் அருமையாக நிற்கும். படகில் வைத்துக் காப்பாற்றும் பொறுமை எனக்கு இல்லை.

கூர்முனை எதையோ குத்திவிட்டது

ரப்பர் படகு, காற்றடைத்துப் பருக்கும் உயிர்காப்பு அங்கி, பாய், பக்கத்தில் நிற்பவர் ஆகிய நால்வருக்கும் கூர்முனை பகை. மாலுமிகளின் கத்தி பழங்காலந்தொட்டே ஆட்டின் குளம்பு போல முனை வளைந்து மழுங்கிய வடிவத்தில் இருப்பது இதனால்தான். அமெரிக்கச் சட்டத்தில், கப்பல் தலைவரின் இசைவின்றி வணிகக் கப்பல் மாலுமி உறைக்கத்தி அணியலாகாது என்ற விதி இன்றும் இருக்கிறது. அங்கே அஞ்சியது கயிற்றுக்காக அன்று, சண்டைக்காக. இருக்கும் கத்தியின் முனையை சாணைச் சக்கரத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக்கிவிடலாம். அலகு சூடேறி நீலம் பாரிக்காதபடி அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், நீலம் பாரித்தால் அந்த இடம் கடினம் இழந்துவிட்டது.

எல்லாம் செய்தும் தேறவில்லை, மாற்றத்தான் வேண்டும்

அப்போது முதலில் எஃகின் பெயரைக் கேட்க வேண்டும். ஜப்பானிய எச்1 எஃகில் கரிமத்தைப் பெரிதும் குறைத்து, நைட்ரஜனைச் சேர்த்திருக்கிறார்கள். கடலில் அது துருப்பிடிப்பதில்லை என்றே சொல்லலாம். நேர்வாயில் கூர் நெடுநாள் நிற்காது என்பதால் பல் வைத்த அலகாக வாங்குவது உசிதம். ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசை இந்த எஃகால் பெயர் பெற்றது. எல்சி200என் எஃகும் நைட்ரஜன் வழியில் வந்ததுதான், கூர் இன்னும் சற்று நிற்கும். 440சி எஃகில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருந்தாலும் கரிமம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கூருக்கு நல்லது, கழுவ மறப்பவருக்கு ஆகாது. டைட்டானியம் துருவும் பிடிக்காது, காந்தத்துக்கும் அசையாது, ஆனால் கூர் விரைவில் போய்விடும். பீங்கான் கத்தி மேல்தளத்தில் ஒருமுறை விழுந்தால் கதை முடிந்தது.

சமையலறைக்கு வார்ப்புப் பிளாஸ்டிக் பிடியுள்ள 15 சென்டிமீட்டர் கத்தி ஒன்றும், விக்டோரினாக்ஸின் முனை உருண்ட, பல் வைத்த 11 சென்டிமீட்டர் தக்காளிக் கத்தி ஒன்றும் போதும். இந்த இரண்டாவது கத்தி, விலைக்குச் சம்பந்தமே இல்லாமல், எட்டு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிற்றையும் சிரமமின்றி அறுக்கிறது. காக்பிட்டுக்கு, பாதி நேர்வாயும் பாதிப் பல்லும் கொண்ட அலகைக் கடைக்காரர்கள் பரிந்துரைப்பார்கள். 9 சென்டிமீட்டர் அலகில் இரண்டுக்கும் இடம் போதாது என்பது என் கருத்து. பழைய கயிறும் வலையும் மிதக்கும் இந்தக் கடலில் முழுப்பல் அலகையும், டைனிமாவுக்குத் தனியாகக் கருவிப்பெட்டியில் நேர்வாய்க் கத்தி ஒன்றையும் வைத்திருக்கிறேன்.

உயிர்காப்பு மிதவை உள்ள படகுகளில் இன்னொரு கத்தியும் உண்டு, அதை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளின்படி, மிதவையைக் கப்பலோடு பிணைக்கும் கயிறு கட்டப்பட்டிருக்கும் இடத்தருகே, கூரைத்துணியின் வெளிப்புறப் பையில், மிதக்கும் பிடியுள்ள மடங்காத கத்தி கயிற்றோடு வைக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை மிதவையைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, விரித்த நிலையில் அந்தப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கையால் ஒருமுறை தடவி எடுத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.